கிறிஸ்துமஸுக்கு வீடு கூடும்போது சாட்சி: யார் சொல்வது, யார் முன்னால், எவ்வளவு நேரம்?

தேரிக்காடு (டிசம்பர் 12, இரவு 9.20)

எல்லோருக்கும் வணக்கம். சாத்தான்குளம் பக்கம் எங்கள் அம்மா வீடு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மொத்தக் கூட்டமும் அங்கேதான் சேரும். விடியற்காலை ஆராதனை, அப்புறம் கறிச் சாப்பாடு, மதியத் தூக்கம். சாயங்காலம் முன்வாசலில் பாயை விரித்து எல்லோரும் உட்காருவோம். குழந்தைகளோடு சேர்த்தால் முப்பது பேருக்குக் குறையாது.

குடும்பத்தில் பாதி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). பெரிய மாமா வீட்டார் மட்டும் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார்கள். சித்தியைக் கட்டிக்கொடுத்த இடம் இந்துக் குடும்பம். சித்தப்பா வருடந்தோறும் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுவார். கிறிஸ்துமஸ் அன்று வீடே கறி வாசம் அடிக்க, அவருக்கு மட்டும் பின்கட்டில் தனி அடுப்பில் சாம்பார் கொதிக்கும். அதை இதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

போன வருடம் ஆச்சி, "ஆளுக்கு ஒரு சாட்சி சொல்லுங்க, கேட்டு நாளாச்சு" என்றார். சாட்சி என்றால் கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததை மற்றவர்கள் முன்னால் சொல்வது. பெரிய மாமா ஆரம்பித்தார். குடியை விட்ட கதை. முதல் பத்து நிமிடம் ஒருவர்கூட அசையவில்லை, அவ்வளவு நன்றாகச் சொன்னார். பிறகு அது மெல்லப் பிரசங்கமாக மாறியது. கடைசியில், "இந்த வீட்டிலேயே இன்னும் இருட்டில் இருக்கிறவர்கள் உண்டு" என்று ஒரு வார்த்தை விழுந்தது. சித்தப்பா போன் வருவதுபோல எழுந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை. ராத்திரி சித்தியும் பிள்ளைகளும் பஸ் ஏறித்தான் போனார்கள்.

இந்த வருடமும் ஆச்சி கேட்கிறார். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அம்மா, "பேசாம பாட்டு பாடிட்டு முடிச்சிருவோம்" என்கிறார். எனக்கு நிறுத்த மனசு வரவில்லை. எல்லோரிடமும் சாட்சி கேட்கும் ஆச்சியின் சொந்தக் கதை எங்கள் யாருக்கும் முழுசாகத் தெரியாது. இந்த மாதிரிக் கலந்த குடும்பத்தில் இதை எப்படி நடத்துகிறீர்கள்?


பாளை பஸ் ஸ்டாண்ட் (டிசம்பர் 12, இரவு 10.05)

எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்து, இப்போது ஓரளவு ஒழுங்குக்கு வந்திருக்கிறது. செய்தது ஒன்றுதான். தனக்கு நடந்ததை மட்டும் சொல்லலாம். "நீங்கள்" என்று வாயைத் திறந்தால் அத்தோடு அடுத்த ஆள். எங்கள் பெரியப்பா மகள், பத்தாவது படிக்கிற பெண், அவள்தான் நடுவர். "பெரியப்பா, நீங்கள் வந்திருச்சு" என்பாள். சிரிப்போடு முடிந்துவிடும். பெரியவர்களைப் பெரியவர்கள் நிறுத்தினால் சண்டை, பிள்ளை நிறுத்தினால் வேடிக்கை.

ஆதாரம் கேட்பவர்களுக்கு பைபிளில் மாற்கு ஐந்தாம் அதிகாரம் இருக்கிறது. பிசாசு நீங்கினவன் இயேசுவோடு கூடவே வருகிறேன் என்று கேட்கிறான். அவர் விடவில்லை. வீட்டுக்குப் போய் இனத்தாரிடம், "கர்த்தர் உனக்கு இரங்கி, உனக்குச் செய்தவைகளையெல்லாம்" அறிவி என்கிறார். அவ்வளவுதான் கட்டளை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் வெளிச்சத்தில் இருக்கிறாரா இருட்டில் இருக்கிறாரா என்று கணக்கெடுக்கும் வேலையை அவனிடம் கொடுக்கவில்லை.


கல்வாரி நிழல் (டிசம்பர் 12, இரவு 11.30)

பெரிய மாமாவை இங்கே எல்லோரும் வில்லனாக்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நானும் அவர் மாதிரி ஆள்தான், பெந்தெகொஸ்தே சபை. இருபத்தேழு வயதில் ரட்சிக்கப்பட்டேன். அதற்கு முன் நான் இருந்த இருப்பு என் வீட்டாருக்குத் தெரியும்.

சாகக் கிடந்தவனை ஒரு மருத்துவர் பிழைக்க வைத்தால், அதே நோயோடு இருக்கும் தம்பியிடம் அந்த மருத்துவர் பெயரைச் சொல்லாமல் இருப்பானா? எனக்கு இது அப்படித்தான். "உனக்கு நடந்ததை மட்டும் சொல், முடிவுரை சொல்லாதே" என்பது பாதிக் கதையைச் சொல்லச் சொல்வது. நம்புகிறவன் நம்புகிறதைச் சொல்லத்தான் செய்வான். சித்தப்பாவைக் காயப்படுத்தியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லோருக்கும் இதமாக இருக்கவேண்டும் என்று உப்பைக் குறைத்துக்கொண்டே போனால், கடைசியில் சாட்சிக்கும் மேடை நன்றியுரைக்கும் வித்தியாசம் இருக்காது.


கொடுக்காப்புளி (டிசம்பர் 13, காலை 6.50)

கல்வாரி அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் வேறொன்று கேட்கிறேன். பெரிய மாமா குடியை விட்ட கதையில் மாமி எங்கே?

நான் சின்ன வயதிலிருந்து கன்வென்ஷன் கூட்டங்களில் இந்த மாதிரிச் சாட்சிகளைக் கேட்டு வளர்ந்தவள். "என் மனைவியை அடித்தேன், தாலிச் செயினை விற்றேன், பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள், பிறகு கர்த்தர் என்னைத் தொட்டார்." கூட்டம் அல்லேலூயா என்னும். அந்த மனைவி மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். அவர் அடி வாங்கினது அவருடைய விஷயம். அதை ஊர் முன்னால் எடுத்து வைக்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? வீட்டுக் கூட்டத்தில் இது இன்னும் மோசம். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவருடைய நாத்தனார்களும் வளர்ந்த பிள்ளைகளும்.

ஆண்கள் சொல்லும் சாட்சியில் முக்கால்வாசி வீட்டுப் பெண்கள் பட்ட பாடுதான் மூலப்பொருள். எனவே தேரிக்காடு, உங்கள் மாமா மறுபடி சொல்வதென்றால் முதலில் மாமியிடம் கேட்கச் சொல்லுங்கள். எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்பதை மாமி முடிவு பண்ணட்டும்.


பாளை பஸ் ஸ்டாண்ட் (டிசம்பர் 13, காலை 8.15)

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. சரியான கேள்வி.


சிறுவாணித் தண்ணீர் (டிசம்பர் 13, காலை 10.40)

மருமகள் பக்கத்திலிருந்து ஒரு குரல். நான் கோவை, இந்து வீட்டுப் பெண். காதல் கல்யாணம். கணவர் வீடு நாகர்கோவில், நல்ல மனிதர்கள், ஒரு குறையும் சொல்லமாட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸில் எல்லோரும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்ததும் அத்தை ஆசையாக, "நீயும் ரெண்டு வார்த்தை சொல்லும்மா" என்றார். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

என்ன சொல்வேன்? மருதமலைக்குப் படியேறிப் போய் முருகனிடம் அழுத கதை இருக்கிறது, அதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாது. பொய்யாக ஒன்று சொல்லவும் வாய் வரவில்லை. "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று சொல்லி உட்கார்ந்தேன். அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

வரிசையாகப் போகும் முறையை மட்டும் வைக்காதீர்கள். சொல்ல விரும்புகிறவர் எழுந்து சொல்லட்டும், மற்றவர்கள் முறுக்கு கடித்துக்கொண்டு கேட்கட்டும். பிறகு தனியாக ஒருநாள் அத்தையிடம் மருதமலைக் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அவ்வளவு படியையும் வெறுங்காலோட ஏறினியா?" என்றார். போதும் எனக்கு.


குளச்சல் காற்று (டிசம்பர் 13, இரவு 8.30)

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடற்கரையில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் டிசம்பர் 26. 2004-ல் அது ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போனதால் பிழைத்தவர்கள் எங்கள் கரையில் உண்டு. பூசை முடிந்து வீட்டுக்குத் திரும்பியதால் போனவர்களும் உண்டு. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்ரீகர்கள் கடலோரத்தில் நின்றதால் போனார்கள், கோயிலுக்குள் நின்றவர்கள் தப்பினார்கள். மணக்குடியில் கீழ ஊரையும் மேல ஊரையும் சேர்த்த பாலமே அடித்துக்கொண்டு போனது. தமிழ்நாட்டில் மொத்தம் எட்டாயிரம் பேர் அளவுக்கு இறந்தார்கள், நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். குளச்சலில் ஒரே குழியில் நூற்றுக்கணக்கில் அடக்கம் பண்ணினோம்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அன்று அம்மா மறைக்கல்வி வகுப்பு எடுக்கக் கோயிலில் இருந்தார், பிழைத்தார். கொட்டில்பாட்டில் இருந்த பெரியம்மாவின் இரண்டு பிள்ளைகள் இல்லை. அதற்கு அடுத்த கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடினபோது அம்மா மனசு நிறைந்து, "மாதா என்னைத் தன் மடியிலேயே வச்சுக் காப்பாத்தினா" என்று ஆரம்பித்தார். பெரியம்மா கத்தவில்லை, அழவில்லை. "அப்ப என் பிள்ளைகளை எங்க வச்சிருந்தா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பல வருடம் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கு நடந்தது அதுதான், அவர் அதை அப்படித்தான் உணர்ந்தார். பாளை நண்பர் சொல்லும் விதிப்படி பார்த்தால்கூட அம்மா எதையும் மீறவில்லை. தன் கதையை மட்டும்தான் சொன்னார், "நீ" என்ற வார்த்தையே வரவில்லை. ஆனாலும் அந்தக் கதை பெரியம்மா மேல்தான் விழுந்தது. எனவே "சொந்தக் கதை மட்டும்" என்பது போதாது என்பேன். அறையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். பிரசவத்தில் பிழைத்த கதையைப் பிள்ளையை இழந்தவர் முன்னால் வெற்றிக் கதையாகச் சொல்லக்கூடாது. புற்றுநோய் குணமான சாட்சியை, அதே நோயில் கணவரைப் பறிகொடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லக்கூடாது. சொல்லவேண்டும் என்றால் அவரிடம் முன்பே ஒரு வார்த்தை பேசிவிட்டுச் சொல்லலாம்.

எங்களுக்கு வழி காட்டியது பங்குச் சாமியாரோ அன்பியக் கூட்டமோ (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் கூடும் ஜெபக் குழு) இல்லை, பெரியம்மாவேதான். ஒரு வருடம் 26-ஆம் தேதி கல்லறைப் பூசை முடிந்து வந்து உட்கார்ந்து, தானாகவே பேச ஆரம்பித்தார். "நான் நாலு வருஷம் ஜெபமாலையைத் தொடல. சாமி கிட்ட சண்டை போட்டேன். இப்பவும் சண்டைதான். ஆனா சண்டை போட வேற ஆள் இல்ல, அதனால போறேன்." நான் கேட்டதிலேயே உண்மையான விசுவாசக் கதை இதுதான். இதில் அற்புதம் எதுவும் கிடையாது, முடிவும் கிடையாது. இதற்கு யாரும் அல்லேலூயா சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாக நினைவிருக்கும் கதை இதுதான்.


கல்வாரி நிழல் (டிசம்பர் 13, இரவு 9.45)

குளச்சல் சகோதரா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் சபையில் சாட்சி நேரம் என்றால் கஷ்டம், ஜெபம், விடுதலை என்று மூன்றும் வந்தே ஆகவேண்டும். விடுதலை கிடைக்காதவர்கள் மைக் பக்கம் வருவதில்லை. உங்கள் பெரியம்மா எங்கள் கூட்டத்துக்கு வந்தால் அவருக்கு மைக் கிடைக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அப்படியும் ஒன்று சொல்வேன். சங்கீதங்களில் பாதி உங்கள் பெரியம்மா மாதிரிதான் பேசுகின்றன.


காவிரிக் கருப்பு (டிசம்பர் 14, காலை 9.10)

கூட்டத்தில் சாமி இல்லாதவன் ஒருவன் வேண்டாமா? வந்துவிட்டேன். ஈரோடு. அப்பா காலத்திலிருந்து பகுத்தறிவுக் குடும்பம். அம்மா வழியில் எல்லோரும் பக்திமான்கள். பொங்கலுக்குப் போனால் பழனிப் பாதயாத்திரைக் கதைகள் ஓடும். கால் கொப்புளம், வழியில் யாரோ கொடுத்த மோர், மலை ஏறும்போது மழை நின்றது.

எங்கள் மாமா ஒருவர் எப்போதும், "உனக்கும் ஒரு நாள் வரும் மாப்ளே" என்று முடிப்பார். அது இல்லாவிட்டால் அந்தக் கதைகளை நான் இன்னும் இரண்டு மணி நேரம் கேட்பேன். ஒரு வருடம் பாட்டிதான், "எல்லாரும் சாமியைக் கண்ட கதை சொல்றீங்க, இவங்கப்பன் சாமியை விட்ட கதையையும் கேப்போமே" என்றார். அப்பா சொன்னார். பள்ளிக்கூட வயதில், கோயில் வாசலில் தன் நண்பனை மட்டும் வெளியே நிற்கச் சொன்ன கதை. பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழனி மாமா அன்று ஒன்றும் சொல்லவில்லை.

நம்பிக்கைக் கதை என்று கூட்டம் போட்டால், நம்பிக்கை போன கதைக்கும் பாயில் ஓர் இடம் வையுங்கள். இல்லாவிட்டால் என் மாதிரி ஆட்கள் மொட்டைமாடிக்குப் போய் போனை நோண்டத்தான் செய்வோம்.


காயல் மணல் (டிசம்பர் 14, பகல் 12.30)

எங்கள் வீட்டுச் சங்கதியையும் வைக்கிறேன், காயல்பட்டினம். வாப்பா 1980களில் பம்பாயிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனவர். (1995-க்குப் பிறகு கப்பல் கிடையாது, எல்லாம் விமானம்தான்.) ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, "கப்பலைச் சொல்லுங்க வாப்பா" என்போம். கதையில் முக்கால்வாசி கடல் வாந்தியும், ஒரே கேபினில் படுத்த முன்பின் தெரியாத ஆட்களும், கட்டிக்கொண்டு போன ஊறுகாயும்தான். கஅபாவை முதன்முதலாகப் பார்த்த இடம் வரும்போது மட்டும் குரல் உடைந்துவிடும். ஒன்றிரண்டு வாக்கியம் சொல்வார். பிறகு மறுபடி ஊறுகாய்க்கு வந்துவிடுவார்.

பக்கத்துத் தெரு இந்து வாத்தியார் ஒருவர், வாப்பாவின் சிநேகிதர், பெருநாள் பிரியாணிக்கு வந்தால் அதையே கேட்பார். வாத்தியாருக்காக வாப்பா கதையைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

கல்வாரி சார் உப்பு என்றார். ஊறுகாயிலும் உப்பு இருக்கிறது.


தேரிக்காடு (டிசம்பர் 14, இரவு 9.00)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. குளச்சல் அண்ணன் எழுதினதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "சரி, நடத்து" என்றுவிட்டார்.

இரண்டு சந்தேகம். ஒன்று, சித்தப்பாவை எப்படிக் கூப்பிடுவது? சித்தி, "அவுக வரலன்னுதான் சொல்லுதாக" என்கிறார். இரண்டு, ஆச்சியைப் பேச வைப்பது எப்படி? கேட்டால், "எனக்கு என்ன சாட்சி இருக்கு, நான் பொறந்ததிலேருந்து கோயிலுக்குப் போறவ" என்கிறார்.


பழைய ரெஜிஸ்டர் (டிசம்பர் 15, காலை 5.40)

ஓய்வு பெற்ற ஆசிரியர். எங்கள் சேகரத்தின் (ஒரு குருவானவருக்குக் கீழ் இருக்கும் சபைகள்) பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படித்துப் பிரதி எடுப்பது பொழுதுபோக்கு. உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு என்னிடம் கொஞ்சம் சரக்கு இருக்கிறது.

உங்கள் ஆச்சி சொல்வதை நெல்லைச் சீமையில் வீட்டுக்கு வீடு கேட்கலாம். காரணம் இருக்கிறது. எழுப்புதல் கூட்டங்கள் நமக்கு ஒரு வார்ப்பைக் கொடுத்துவிட்டன. இந்தத் தேதிவரை பாவி, இந்தத் தேதியில் ரட்சிக்கப்பட்டேன், அதன்பின் வேறு ஆள். பவுலுக்கு அப்படி நடந்தது. பெரிய மாமாவுக்கும் நடந்திருக்கலாம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இங்கே பெரும்பாலானவர்கள் ஐந்தாம், ஆறாம் தலைமுறைக் கிறிஸ்தவர்கள். கர்த்தரிடம் திரும்பின தேதி என்று ஒன்று அவர்களிடம் இல்லை. எனவே தங்களுக்குக் கதையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அவர்களுடைய முன்னோர்களும் தனித்தனியாகத் திரும்பியவர்கள் அல்லர். உங்கள் ஊருக்குப் பக்கத்து முதலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1799-ல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் காலத்தில், சொந்த ஊரில் இருக்க முடியாமல் வந்த கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கி உண்டாக்கின ஊர். 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கில், தெருத் தெருவாகச் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்று சிலர் இளப்பமாகச் சொல்வார்கள். பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றினவனை நம்பியதில் என்ன இளப்பம் என்று எனக்குப் புரியவில்லை. தெற்கே திருவிதாங்கூரில் பெண்கள் மாராப்புப் போட உரிமை கேட்டு அடிபட்டு, 1859-ல்தான் அரசு இறங்கிவந்தது. அந்த வீடுகளில் விசுவாசக் கதையும் மானத்தின் கதையும் ஒன்றாகத்தான் கிடக்கும், பிரிக்கமுடியாது.

தனி ஆள் கதையும் உண்டு. சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த கவிஞர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். ஞானஸ்நானத்துக்குப் பிறகும் அவருடைய தமிழ் கம்பனிடம் படித்த தமிழாகத்தான் இருந்தது. எங்கிருந்து வந்தாரோ அதைத் திட்டித்தான் தன் கதையைச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஆச்சியிடம் "சாட்சி சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் மேடைக்குரிய பேச்சைத் தேடுவார், கிடைக்காது. சின்னச் சின்னதாகக் கேளுங்கள். யார் உங்களுக்கு முதல் ஜெபம் சொல்லிக்கொடுத்தது? கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டில் குடும்ப ஜெபம் யார் நடத்தினார்கள்? எந்தக் கீர்த்தனை பாடினால் உங்க அம்மா ஞாபகம் வரும்? அசனத்துக்கு (சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடும் விருந்து) எத்தனை பானை வைப்பார்கள், யார் சமைப்பார்கள்? ஜெபம் பண்ணியும் நடக்காமல் போனது எது? கடைசிக் கேள்வியை மட்டும் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. உங்கள் சித்தப்பா குடும்பமும் உங்கள் குடும்பமும் ஐந்து தலைமுறைக்கு முன்னால் ஒரே கோயில் கொடைக்கு வரி கொடுத்தவர்களாகவும் இருக்கலாம். நம் பக்கத்துப் பழைய கிறிஸ்தவ வீடுகளில் குலசாமி பெயர் தெரியாத ஆச்சிகள் குறைவு. சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.


மேலரதவீதி (டிசம்பர் 15, காலை 7.25)

நான் உங்கள் சித்தப்பா மாதிரி ஆள். மனைவி வீடு கிறிஸ்தவர்கள், நான் இப்போதும் மாலையில்தான் இருக்கிறேன். முதல் சந்தேகத்துக்கு என் பதில்.

சாட்சி சொல்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் மாமனார் சாகும்வரை அவர் கதைகளைக் கேட்டிருக்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு. எங்களை எப்போதும் கேட்கும் பக்கத்தில்தான் உட்கார வைக்கிறீர்கள். நாற்பத்தொரு நாள் விடியுமுன் எழுந்து குளிர்ந்த தண்ணீரில் குளித்து, செருப்பில்லாமல் நடக்கிறவனுக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காதா? எருமேலியில் வாவர் பள்ளிவாசலை வலம் வந்துவிட்டுத்தான் மலை ஏறுகிறோம். இருமுடியில் ஒன்று சாமிக்கு, ஒன்று வழிச் சாப்பாட்டுக்கு. இதையெல்லாம் பதினைந்து வருடத்தில் ஒருவர் கேட்டதில்லை, மாமனாரைத் தவிர.

உங்கள் சித்தப்பாவை வாட்ஸ்அப்பில் கூப்பிடாதீர்கள். நேரில் போங்கள். பெரிய மாமா போவது நல்லது. முடியாவிட்டால் ஆச்சியைப் போனில் பேச வையுங்கள். "மாப்பிள்ளை, நீங்க வந்து உங்க மலைக் கதையைச் சொல்லணும்" என்று மாமியார் சொன்னால் மாட்டேன் என்று சொல்லும் மருமகன் இன்னும் பிறக்கவில்லை.


கல்வாரி நிழல் (டிசம்பர் 15, காலை 9.00)

மேலரதவீதி சார், ஒளிக்காமல் கேட்கிறேன். கிறிஸ்துமஸ் அன்று, ஜெபம் பண்ணின பாயில் உட்கார்ந்து ஐயப்பன் கதை கேட்பது எனக்குக் கஷ்டம்தான். அதை மறைத்து நல்லவனாக நடிக்க விருப்பமில்லை.


மேலரதவீதி (டிசம்பர் 15, காலை 9.20)

மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. ஆனால் உங்கள் கதையைக் கேட்பது எனக்கும் சில நேரம் கஷ்டம்தான். பதினைந்து வருடமாகக் கேட்கிறேன்.


கல்வாரி நிழல் (டிசம்பர் 15, பகல் 1.10)

இதை யோசிக்கவேண்டும். ஒரு வழி தோன்றுகிறது. ஜெபத்தையும் கதையையும் பிரித்துவிடலாம். ஆராதனை, ஜெபம், பாட்டு எல்லாம் காலையில் முடியட்டும். சாயங்காலம் காபி, முறுக்கு, கதை. அது ஆராதனை இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தால் என் மாதிரி ஆளுக்கும் நெருடல் இருக்காது, உங்களுக்கும் கட்டாயம் இருக்காது. யோவான் ஒன்பதில் கண் திறக்கப்பட்டவனை விசாரித்தபோது, "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்; இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்றான். அதற்கு மேல் அவனும் வாதாடத்தான் செய்தான், ஆனால் துருவித் துருவிக் கேட்ட பிறகு. கேட்டால் சொல்லுவேன் என்ற அளவில் நானும் நின்றுகொள்ளலாம்.


காவிரிக் கருப்பு (டிசம்பர் 15, பகல் 1.30)

அதே கதையில் அவனுடைய அப்பா அம்மா, "அவன் வயதுள்ளவனாயிருக்கிறான், அவனைக் கேளுங்கள்" என்று நழுவுவார்களே. எனக்கு அந்த அதிகாரத்தில் ரொம்பப் பிடித்தது அவர்களைத்தான். அசல் குடும்பம்.


சிறுவாணித் தண்ணீர் (டிசம்பர் 15, மாலை 4.00)

ஆச்சி பேசுவதைப் பதிவு பண்ணப் போகிறீர்களா? பண்ணினால் குடும்பக் குழுவில் உடனே போடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு சித்தி கணவரின் கடன் கதையைச் சொல்லி அழுத வீடியோ, மறுவாரம் அவருடைய அலுவலகத்தில் ஓடியது.


பழைய ரெஜிஸ்டர் (டிசம்பர் 15, மாலை 5.15)

குரல் மட்டும் பதிவு பண்ணுங்கள். கேமராவைக் கண்டால் பெரியவர்கள் புடவையைச் சரிசெய்துகொண்டு பிரசங்கத் தமிழுக்குப் போய்விடுவார்கள். போனை ஒரு துண்டின் மேல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஆரம்பத்தில் தேதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். ஆச்சி பேசும்போது வருடத்தைத் திருத்தாதீர்கள். வருடத்தைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். அசனத்தில் யார் சண்டை போட்டார்கள் என்பது பதிவேட்டில் இருக்காது.


தேரிக்காடு (டிசம்பர் 15, இரவு 10.10)

அப்போது இப்படி. காலையோடு ஆராதனை, ஜெபம் முடிந்தது. சாயங்காலம் கதை மட்டும், வரிசை கிடையாது. ஆச்சியிடம் சின்னக் கேள்விகள், நான் கேட்கிறேன். சித்தப்பாவுக்கு ஆச்சி போன் பண்ணுவார். இன்று பேச்சுக்கு எடுத்தேன். "மாப்பிள்ளைக்கு மஸ்கோத் அல்வா பிடிக்கும், முதலூர்ல வாங்கி வை" என்பதுதான் பதில். ஒத்துக்கொண்ட மாதிரிதான்.

மிச்சம் ஒரே ஒரு சிக்கல். இதையெல்லாம் பெரிய மாமாவிடம் போய் யார் சொல்வது? வீட்டில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.


பாளை பஸ் ஸ்டாண்ட் (டிசம்பர் 15, இரவு 10.25)

பத்தாவது படிக்கிற பெண் யாராவது இருக்கிறாளா?


தேரிக்காடு (டிசம்பர் 15, இரவு 10.30)

இருப்பது நாலாவது படிக்கிற பையன். மாமாவைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.


கொடுக்காப்புளி (டிசம்பர் 15, இரவு 10.45)

மாமியிடம் சொல்லுங்கள் தம்பி. அவர் பார்த்துக்கொள்வார்.